துளசிங்கம் வீடு காட்டிய கதை

துளசிங்கத்தின் வாய்க்குத் தப்பி அந்த வீட்டில் குடிவந்த முதல் ஆள் பாலகுருதான்.

எண்பத்தொன்பதாம் வருஷம், ஆவணி மாதம். மதுராந்தகத்துக்கு உள்ளடங்கிய ஒரு கிராமத்திலிருந்து வந்தவன். அவன் குடும்பத்தில் கையெழுத்துப் போடத் தெரிந்ததே அப்பாவோடு தொடங்கிய சங்கதி, பி.ஏ. என்ற இரண்டு எழுத்து அவனோடு வந்தது. குரோம்பேட்டையில் ஒரு கம்பெனியில் வேலை கிடைத்து, தாம்பரத்தைச் சுற்றி ரூம் தேடி அலைந்தான். பேச்சுலர் என்றதும் கதவைச் சாத்திய வீடுகளே அதிகம். கடைசியில் சேலையூரையும் தாண்டி, ஏரிக்கரைக்குக் கீழே புதிதாக முளைத்திருந்த வீடுகளுக்கு நடுவே, ‘ரூம் வாடகைக்கு’ என்று கரியால் எழுதியிருந்த ஒரு காம்பவுண்டுச் சுவருக்கு முன்னால் வந்து நின்றான்.

கதவைத் திறந்தவர் துளசிங்கம். அறுபதை ஒட்டிய வயசு, வெற்று மார்பு, தோளில் ஒரு துண்டு. ரூம் கேட்டு வந்தவனை ரூமுக்குக் கூட்டிப் போவதுதானே முறை? அவர் நேரே கொல்லைப்பக்கம் அழைத்துப் போய், கிணற்றுக்கு அந்தாண்டை இருந்த பள்ளத்தைக் காட்டினார்.

“இத பாரு தம்பி. ஐப்பசி பொறந்தா இங்க முழங்கா தண்ணி. தை வரைக்கும் வத்தாது. தவள சத்தத்துல பக்கத்துல நிக்கிறவன் பேசறது காதுல வுழாது. இந்த மாதிரி பூமி நீ எங்கனா பாத்துகிறியா?”

சமையல்கட்டு ஜன்னலுக்குப் பின்னால் கரண்டியும் கையுமாக நின்றிருந்த அவர் மனைவி கிளியம்மாள், ‘போச்சு, இவனும் போயிட்டான்’ என்று தலையில் அடித்துக்கொண்டாள். அதற்கு முன்னால் ரூம் பார்க்க வந்த ஒருவர்கூட இந்தப் பள்ளத்தைத் தாண்டி வந்ததில்லை. தவளை என்ற வார்த்தைக்கே ஓடிப்போன ஆட்கள் உண்டு.

ஆனால் பாலகுரு ஏரிப்பாசனத்து ஊர்க்காரன். “எங்க ஊர்லயும் இப்படித்தாங்க” என்றான் சாதாரணமாக. துளசிங்கத்துக்குக் காணாமல் போன பங்காளியைக் கண்ட மாதிரி ஆகிவிட்டது. அன்று சாயந்திரமே டிரங்குப்பெட்டியும் பாயுமாகப் பையன் வந்து சேர்ந்தான். கிளியம்மாளுக்கு நம்பவே முடியவில்லை. பி.ஏ. படித்த பிள்ளை ஒன்று தன் வீட்டில் குடியிருக்கிறது என்று தெருவில் ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டு வந்தாள்.

துளசிங்கத்தைக் குறை சொல்லியும் பயனில்லை. அந்தத் தெருக்களெல்லாம் வயலாக இருந்த காலத்தில் அங்கே ஏர் பிடித்தவர். எழுபதுகளின் கடைசியில் துண்டு துண்டாகக் கல் நட்டு நிலமெல்லாம் மனையாகப் போனது. எண்பத்திரண்டில், கையில் மிஞ்சியிருந்த இடத்தில் தளம் போட்ட வீடும் ஓரமாக ஒரு வாடகை ரூமும் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். உழவு போய்விட்டது, உழவன் கண் போகவில்லை. வீடு என்பது அவரைப் பொறுத்தவரை சட்டிக்கு மேலே போட்ட தட்டு. சுவரையும் கதவையும் மொசைக் தரையையும் எந்த மேஸ்திரியும் போட்டுக் கொடுப்பான். பார்த்து வாங்க வேண்டியது கீழே இருக்கிற மண்ணை. மண்ணுக்கு அழகு தண்ணீர். தண்ணீர் நிற்கிறது என்பதைவிட ஒரு பூமிக்கு வேறென்ன நற்சான்று வேண்டும்?

இந்த மனுஷனோடு கிளியம்மாள் முப்பத்தைந்து வருஷம் குடித்தனம் பண்ணிவிட்டாள். வாடகை ரூம் காலியாகக் கிடந்தவரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டாள். வீட்டையே விற்க வேண்டி வந்தபோதுதான் அவளுக்குப் பல் ஆட ஆரம்பித்தது.

மகள் ஜெயக்கொடி கூடுவாஞ்சேரியில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர் வேலை. அந்த வம்சத்தில் பெண்பிள்ளை ஒருத்தி கவர்ன்மென்ட் சம்பளம் வாங்குவது அதுதான் முதல் தடவை. மாப்பிள்ளை கேசவனுக்குச் சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்டு. தொண்ணூற்றொன்றில் குழந்தை பிறந்தது. மாமியார் இல்லாத வீடு. லீவு முடிந்தால் குழந்தையை யாரிடம் விட்டுப் போவது? அவளுக்கும் விடியற்காலை டூட்டி ஒரு வாரம், ராத்திரி டூட்டி ஒரு வாரம். கிளியம்மாள் செங்கல்பட்டு வண்டியைப் பிடித்துப் போய் வந்து பார்த்தாள். வண்டி நேரமும் டூட்டி நேரமும் ஒன்றுக்கொன்று பேசவில்லை. பேசாமல் மகள் வீட்டிலேயே போய் இருந்துவிடலாமே என்றார்கள் அக்கம்பக்கத்தில். பெண்ணைக் கொடுத்த வீட்டில் போய்க் குந்திச் சாப்பிடுவதா? விருந்து என்று ஒருவேளை இருவேளை சரி. துளசிங்கம் அந்தப் பேச்சைக் காதிலேயே வாங்கவில்லை. இந்த ஒரு விஷயத்தில் கிளியம்மாளும் அவர் கட்சி.

அப்போதுதான் ஜெயக்கொடி வீட்டுக்கு அடுத்த வீடு விலைக்கு வந்தது. சொந்தக்காரர் தனக்கோடி, மகனோடு இருக்க வேலூருக்குப் போகிறார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். அங்கே குழந்தை அழுதால் இங்கே கேட்கும். மகள் வீட்டில் உட்கார்ந்த பேரும் வராது.

“எம்மா, அந்த வூடு மட்டும் நமக்குக் கெடச்சா நான் வேலைய வுட வேணாம்” என்று ஜெயக்கொடி சொன்னாள். சொன்ன நிமிஷமே கிளியம்மாள் மனசுக்குள் அந்த வீட்டில் பால் காய்ச்சிவிட்டாள்.

வீடு பார்க்கப் போனார்கள். தனக்கோடி சாவிக்கொத்தோடு ஒவ்வொரு அறையாகத் திறந்துகொண்டு போக, துளசிங்கம் வாசலிலேயே குந்தி, ஒரு சிட்டிகை மண்ணைக் கிள்ளி, உள்ளங்கையில் தேய்த்து, ஊதிவிட்டார்.

“இன்னாய்யா இது, வெறும் சரள? கொள்ளு வெதச்சாகூட மொளைக்காதே! இத்தப் போயி விக்க வந்துகிறே?”

தனக்கோடிக்கு முகம் கறுத்துவிட்டது. “பெரியவரே, நான் வீடு விக்கறேன். வெத நெல்லு விக்கல” என்று திறந்த கதவை மறுபடி பூட்டப் போனார்.

கிளியம்மாள் நடுவில் புகுந்தாள். “அவரு பேச்ச வுடுண்ணா. அவரு வாங்கலே, நான் வாங்கறேன். எங்க வூட்ட வித்துட்டு வந்து கைமேல குடுத்துடறோம். கொஞ்சம் பொறுத்துக்கோ.”

“தை பொறக்கறவரைக்கும் பாப்பேன்மா. அப்புறம் வர்றவங்களுக்குக் குடுத்துடுவேன்” என்றார் தனக்கோடி.

அது ஆவணி. மார்கழியில் யாரும் பத்திரம் பதியமாட்டார்கள். ஆகக் கார்த்திகைக்குள் வீடு விற்றாக வேண்டும். திரும்பி வரும் வண்டியில் கிளியம்மாள் விரல்விட்டு எண்ணிக்கொண்டே வந்தாள். துளசிங்கம் ஜன்னல் வழியாக ஊரப்பாக்கத்து நிலங்களைப் பார்த்து, “எல்லாம் புஞ்ச, எல்லாம் புஞ்ச” என்று முனகிக்கொண்டே வந்தார்.

பாலகுரு ஒரு தகரத்தில் ‘இவ்வீடு விற்பனைக்கு’ என்று பெயிண்டால் அச்சு அச்சாக எழுதி வாசலில் மாட்டிவிட்டான். முதலில் வந்தவர் ஸ்ரீரங்கன் என்று ஒரு பேங்க் ஆபீசர். மாம்பலத்தில் வாடகை கொடுத்துக் கொடுத்து அலுத்துப்போனவர். கூடவே மனைவி. கிளியம்மாள் புது டம்ளரில் காப்பி கொடுத்தாள். கிணற்றுத் தண்ணீரை மொண்டு குடிக்கக் கொடுத்தாள். அந்தத் தண்ணீர் இளநீர் மாதிரி இருக்கும். அதில் பொய் இல்லை. அந்த அம்மாளுக்குச் சமையல்கட்டு பிடித்துப்போயிற்று. பரணை எட்டிப் பார்த்து, இங்கே பித்தளைப் பாத்திரமெல்லாம் வைக்கலாம் என்றாள். கிளியம்மாளுக்கு நெஞ்சு குளிர்ந்தது.

புறப்படுகிற சமயத்தில் ஸ்ரீரங்கன் ஒரு பேச்சுக்குக் கேட்டார். “ஏரிக்குக் கீழே இருக்கே. மழைக்காலத்துல தொந்தரவு ஒண்ணும் இல்லையே?”

“ஒண்ணும் இல்ல சார். வூட்டுக்குள்ள ஒரு சொட்டு வராது” என்றாள் கிளியம்மாள்.

அதுவரை வாயைக் கட்டிக்கொண்டிருந்த துளசிங்கத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. தன் பூமியைத் தன் பெண்டாட்டியே, அதுவும் வெளியாள் முன்னால், மட்டம் தட்டுவதா?

“ஏமே, இன்னா பேச்சு பேசற? அவ சொல்றத நம்பாத சார். தொந்தரவா? தண்ணி எப்பிடி சார் தொந்தரவாவும்? சுத்தி மூணு பக்கமும் நிக்கும் சார். எம்பத்தஞ்சுல இதோ இந்த வாசப்படியில குந்திகினு கெளுத்தி புடிச்சேன். கைய வுட்டா மீனு! இந்த மெட்ராஸ்ல எவனுக்கு சார் அந்தக் குடுப்பன?”

அந்த அம்மாள் பரணிலிருந்து பார்வையை எடுத்துத் தரையைப் பார்த்தாள். தரையிலிருந்து வாசலைப் பார்த்தாள். “ஏன்னா, கிளம்பலாமா?” என்றாள். காப்பி டம்ளரில் பாதி அப்படியே ஆறிப்போய்க் கிடந்தது.

அடுத்தடுத்து வந்தவர்களும் அப்படித்தான் போனார்கள். ரயில்வேயில் வேலை செய்த ஒருவர் கிட்டத்தட்ட முடிவே செய்துவிட்டார். “எலித் தொல்லையே கெடையாது சார், அவ்ளோ பாம்பு கீது” என்று துளசிங்கம் ஒரு வார்த்தை சேர்த்துச் சொன்னார். அதோடு சரி. இன்னொரு குடும்பம் கதவு ஜன்னலெல்லாம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, போரிங் குழாய்ப்பக்கம் கூட்டிப்போய்க் காலால் தரையை அழுத்தச் சொன்னார். அழுத்தின செருப்பு சேற்றோடு அங்கேயே தங்கிவிட்டது. “பாத்தியா, வெண்ண மாதிரி!” என்று அவர் சிரித்தார். செருப்பைப் பிடுங்கிக்கொண்டு போனவர் சிரிக்கவில்லை.

அன்று கிளியம்மாள் சோற்றுச்சட்டியை டங்கென்று வைத்தாள்.

“உள்ளதைச் சொல்லு. உனுக்கு இந்த வூட்ட விக்க இஸ்டம் கீதா, இல்லியா? வேணும்னுட்டே பண்றியா நீ?”

துளசிங்கத்துக்கு நிஜமாகவே வலித்தது. “நானா? பேத்திய பாக்க எனுக்கு மட்டும் ஆச இல்லியா? விக்கணும்னுதான் நானும் தொண்ட கிழியக் கத்திகினு கீறேன். இவ்ளோ நல்லது சொல்லியும் ஒருத்தனும் வாங்க மாட்றான். காலம் கெட்டுப்போச்சு.”

“நல்லதா சொல்ற நீ? இதுக்குள்ள தண்ணி ஏறாதுன்னு சொல்லேன்யா. களத்துமேடுன்னு சொல்லேன்...”

“ஏய்! அந்தப் பேச்ச எடுத்தே, நல்லா இருக்காது.”

அந்த ஒரு வார்த்தைக்கு அவருக்கு எப்போதும் அப்படித்தான் கோபம் வரும். அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது நல்ல நஞ்சையெல்லாம் தம்பி பொன்னுரங்கத்துக்குப் போய், மூத்தவருக்கு வந்து சேர்ந்தது நெல் அடிக்கிற களத்துமேடும் அதைச் சுற்றிய கொஞ்சம் பள்ளமும். பயிர் ஏறாத கட்டாந்தரை. ஊர்ப் பஞ்சாயத்தில் எல்லார் முன்னாலும் பட்ட அவமானம். அந்த மேட்டின் மேலேயே வீட்டைக் கட்டி அதை மறைத்துவிட்டதாகத்தான் அவருக்கு நினைப்பு. வருகிறவர்களிடம் பள்ளத்தைக் காட்டுவார். மேட்டைப் பற்றி மூச்சுவிடமாட்டார். கிளியம்மாளும் புருஷனின் மானம் என்று வாயை மூடிக்கொள்வாள்.

நடந்ததையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த பாலகுரு ஒரு யோசனை சொன்னான். “அம்மா, யாராவது வீடு பார்க்க வந்தா ஐயாவை எங்கேயாவது வெளியில அனுப்பிடுங்க. நீங்க மட்டும் இருங்க.”

படித்த பிள்ளை சொன்னால் சரியாகத்தான் இருக்கும். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஹார்டுவேர் கடைக்காரர் ஒருவர் வருகிறார் என்றதும், துளசிங்கத்தை ரேஷன் கடைக்கு அனுப்பிவிட்டுக் கிளியம்மாள் நிம்மதியாக மூச்சு விட்டாள். வந்தவர் தனியாக வரவில்லை. கூடவே வாஸ்து பார்க்கிற ஆள் ஒருவர், கையில் திசைகாட்டியோடு. அப்போதுதான் அந்தப் பக்கமெல்லாம் வாஸ்து பரவ ஆரம்பித்த சமயம். அந்த மனிதர் செருப்பைக்கூடக் கழற்றாமல் சமையல்கட்டில் நுழைந்து, முள் ஆடி நிற்கிறவரை காத்திருந்து, உதட்டைப் பிதுக்கினார்.

“அடுப்பு இருக்க வேண்டிய மூலை இது இல்லியே. இத மொத்தமா இடிச்சுடணும் சார்.”

அந்த அடுப்பு மேடையைக் கிளியம்மாள் மேஸ்திரி பக்கத்தில் நின்று, தன் இடுப்பு உயரம் பார்த்துப் போடச் சொன்னவள். பொறுத்துக்கொண்டாள்.

“பூஜை மாடம் இங்க இருக்கக்கூடாது. கெணறு தப்பு. இந்த மாதிரி அமைஞ்ச வீட்டுல பொம்பளைக்கு ஆயுசு கம்மி சார்.”

“யாருக்கு?” என்றாள் கிளியம்மாள்.

“பொதுவா சொல்றேன்மா. இல்லத்தரசிக்கு.”

“நான்தான்யா இல்லத்தரசி. உன் எதுருலதான் நின்னுகினு கீறேன். ஒரு சிசேரியன், ஒரு மஞ்சக்காமால, என் வூட்டு மனுசன், எல்லாத்தையும் பாத்துட்டு இன்னும் நின்னுகினு கீறேன். உன் பதினாறாம் நாளுக்கு வந்து சாப்புட்டுட்டுத்தான் போவேன். எட்றா செருப்ப வெளிய!”

ஹார்டுவேர் கடைக்காரர் படி இறங்கும்போதே ஸ்கூட்டரை உதைத்துவிட்டார். ரேஷன் கடையிலிருந்து சர்க்கரைப் பையோடு திரும்பி வந்த துளசிங்கம், காலி வாசலைப் பார்த்து, “இன்னாமே, இந்தத் தபா நான் ஊர்லயே இல்லியே?” என்றார். கிளியம்மாள் சர்க்கரைப் பையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு உள்ளே போனாள். அவள் வயிற்றெரிச்சல் அவளுக்கு. பாலகுரு அன்று ரூமை விட்டு வெளியே வரவேயில்லை.

ஐப்பசி பிறந்தது. அந்த வருஷம் வானம் பொத்துக்கொண்டது. பள்ளம் நிரம்பி, கொல்லை நிரம்பி, தெரு முழுக்கத் தண்ணீர். வீடு மட்டும் நடுவில் தெப்பக்குளத்து மண்டபம் மாதிரி நின்றது. துளசிங்கம் படியில் குந்தி, வாங்க ஆளில்லாத அழகைக் கண் நிறையப் பார்த்துக்கொண்டிருந்தார். தகரப் பலகையில் பெயிண்ட் வழிந்து எழுத்து கரைந்துவிட்டது. வீடு பார்க்க ஒரு ஈ காக்காய் வரவில்லை. கார்த்திகை முதல் வாரம் கேசவன் வந்து சொல்லிவிட்டுப் போனான்: “அத்தே, லீவு மாசக் கடைசியோட முடியுது. அவ வேலைய வுட்டுடறேன்னு அழுதுகினு கீறா. தனக்கோடி வூட்ட வேற ரெண்டு பேரு வந்து பாத்துட்டாங்க.”

மறுநாள் காலை மழை விட்ட நேரத்தில், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கிளியம்மாள் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போனாள். மீன் வாங்குவதென்றால் அங்காளம்மாவிடம்தான் வாங்குவாள். கோவளத்துப் பக்கம் ஒரு குப்பத்திலிருந்து விடிவதற்குள் கூடையோடு பஸ் ஏறி வருகிறவள். பல வருஷப் பழக்கம்.

“இன்னா கிளிக்கா, மொகம் செத்த மீனு மாதிரி கீது? சங்கரா பாரு, கண்ணாடி கணக்கா கீது. எடுத்துக்கோ.”

“மீனு ஒண்ணுதான் கொறச்சல். என் வூட்டுக்காரன் வாய உன் தூண்டில் முள்ளு வெச்சித் தச்சாத்தான் எனுக்கு சோறு எறங்கும்.”

நின்றபடியே எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். கெளுத்தி மீன், பாம்பு, சேற்றில் போன செருப்பு, வாஸ்துக்காரன். அங்காளம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, மீன் நறுக்குகிற கத்தியைக் கீழே வைத்தாள்.

“யக்கா, ஆவணிலேந்து என்னாண்ட வந்து வூடு வூடுன்னு பொலம்புற. ஒரு நாளாவது ‘நீ வாங்கறியாடி’ன்னு ஒரு வார்த்த கேட்டியா?”

 கிளியம்மாளுக்கு அது தோன்றவே இல்லை.

“ஏன், மீனு விக்கிறவ வூடு வாங்க மாட்டாளா? சீட்டு கட்டிச் சேத்த காசு கீது. என் புள்ள ஆனந்தன் தாம்பரத்துல பஸ் கண்டக்டரா கீறான். மொத வண்டி எடுக்க அங்கேந்து எப்பிடி வருவான் அவன்? கடலு வேற வருசா வருசம் வாசலாண்ட வந்துகினு கீது. போன புயல்ல அடுப்ப இட்டுகினு போயிடுச்சி. எனுக்குத் தண்ணின்னாலே பேஜாருக்கா. காஞ்ச எடமா ஒரு வூடு இருந்தா சொல்லு, நாளைக்கே வர்றேன்.”

காஞ்ச எடம் என்றதும் கிளியம்மாளுக்கு உயிரே போய்விட்டது. இருந்தாலும் வரச் சொல்லிவிட்டாள். வேறு யார் வரப்போகிறார்கள்?

வீட்டுக்கு வந்ததும் புருஷனை எதிரே உட்கார வைத்தாள்.

“நாளைக்கி அங்காளம்மா வர்றா. உன் பூமி பெரும ஒரு வார்த்த வரக்கூடாது. தவள, கெளுத்தி, வெண்ண மாதிரி சேறு, மூச்சு வுடாத. வாய மூடிகினு இருக்க முடியலன்னா, கொறைய மட்டும் சொல்லு. அவகிட்ட நாளைக்கும் மீனு வாங்கணும். ஏமாத்திட்டு அவ மூஞ்சில என்னால முழிக்க முடியாது.”

“கொறையா? இந்த எடத்துல கொற இன்னாடி கீது?”

“யோசி. முப்பத்தஞ்சு வருசமா என் சமையல்ல கண்டுபுடிச்ச இல்ல, அது மாதிரி யோசி.”

அன்று முழுக்க அவர் சரியாகச் சாப்பிடவில்லை.

மறுநாள் அங்காளம்மா மகன் ஆனந்தனோடு வந்தாள். தெருமுனையிலிருந்தே கணுக்கால் தண்ணீர். புடவையை வழித்துக்கொண்டு நடந்து வந்தவள், வீட்டைச் சுற்றிவந்து கொல்லையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள்.

“யக்கா, இது இன்னா, கொல்லையா கொளமா? கடல்லேந்து தப்பிச்சி கொளத்துல வுழவா என்னைக் கூப்ட்டே?”

“வூட்டுக்குள்ள ஒரு சொட்டு வராது அங்காளம்மா. சத்தியமா.”

“எல்லாரும் இத்தத்தான் சொல்வாங்க. ஐஸ் வெச்ச மீன இப்பத்தான் புடிச்சதுன்னு நானே டெய்லி சொல்லிகினு கீறேனே. வாடா ஆனந்தா, போலாம்.”

அவள் திரும்பியும் விட்டாள். அப்போது துளசிங்கம் கனைத்தார். கிளியம்மாள் கண்ணை மூடிக்கொண்டாள்.

“ஒரு கொற கீதும்மா” என்றார். குரல் அடித்தொண்டையில் இருந்தது. அங்காளம்மா முகத்தைப் பார்க்காமல் தூணைப் பார்த்துப் பேசினார். “மறச்சி வித்துட்டான் கெழவன்னு நாள பின்ன பேச்சு வரக்கூடாது. சொல்லிடறேன். இந்த வூடு நிக்கிறது நல்ல பூமியில இல்ல. களத்துமேடு. நெல்லு அடிக்கிற எடம். பாகம் பிரிக்கறப்போ தம்பி நஞ்சைய எடுத்துகினு இத்த என் தலையில கட்டிட்டான். எங்க தாத்தன் காலத்துலேந்து மாடு வுட்டு மெறிச்சி மெறிச்சி பாறையா கீது. ஒரு முருங்கக் கொம்பு வெச்சாகூடப் புடிக்காது. அஸ்திவாரம் தோண்டறப்போ கடப்பாற ஒடஞ்சிச்சி. இதோ, சுத்தி இவ்ளோ தண்ணி நிக்குதே, இந்த மேட்டுல ஒரு சொட்டு ஏறுதா? ஏறாது. ஒரு நாளும் ஏறினதில்ல. நான் சின்னப்பையனா இருக்கறப்போ ஏரி ஒடஞ்சி ஊரே மெதந்திச்சி. ஊர்ல இருக்கற ஆடு மாடு மொத்தமும் இங்கதான் இட்டாந்து கட்டினாங்க. அவ்ளோ வறண்ட எடம். அவ்ளோதான். சொல்லிட்டேன். வாங்கறதும் வாங்காததும் உன் இஸ்டம்.”

சொல்லி முடித்துத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அங்காளம்மா அவர் முகத்தையே பார்த்தாள். காலமெல்லாம் மார்க்கெட்டில் உட்கார்ந்தவள். சரக்கை உசத்திப் பேசுகிறவன் முகம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவள் முகமே தினமும் அப்படித்தான் இருக்கும். இந்தக் கிழவனின் முகம் அப்படி இல்லை. தன் சரக்கின் சொத்தையைத் தானே எடுத்துக் காட்டிவிட்டு, வெட்கத்தில் வியர்த்துப்போய் நிற்கிற ஒரு வியாபாரியை அவள் இதுவரை பார்த்ததில்லை.

“டேய் ஆனந்தா, அந்த மூலையில கீற கடப்பாறைய எடு. சொவுத்தோரமா ஒரு போடு போடு.”

ஆனந்தன் ஓங்கிப் போட்டான். கணீரென்று எகிறி, அவன் கையையே ஒரு சுற்றுச் சுற்றிவிட்டது. “யம்மா! கருங்கல்லும்மா இது!” என்று கையை உதறினான்.

அங்காளம்மா இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து வெற்றிலையை எடுத்து, அதன்மேல் நூறு ரூபாய்த் தாளை வைத்துக் கிளியம்மாள் கையில் அழுத்தினாள். “இது அச்சாரம். வேற எவளுக்கும் காட்டாத.”

கிளியம்மாளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. நாலு மாசமாகத் தான் சத்தியம் செய்து சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. அதையே இந்த மனுஷன் குற்றத்தை ஒப்புக்கொள்கிற மாதிரி சொன்னதும் நம்பிவிட்டார்கள். இதை முதல் நாளே அந்த பேங்க் ஆபீசரிடம் சொல்லித் தொலைத்திருந்தால்?

அதோடு விட்டாரா? மறுநாள் காலை ஆளைக் காணோம். எங்கே என்று பார்த்தால், தாம்பரம் மார்க்கெட்டில் அங்காளம்மாவின் கூடைக்கு முன்னால் குந்திக்கொண்டிருக்கிறார். பொம்பளை விவரம் தெரியாமல் ஏமாந்துவிட்டாள் என்று அவருக்கு மனசு கேட்கவில்லையாம்.

“நல்லா யோசிச்சியாம்மா? அங்க ஒண்ணுமே வெளையாது. நாலு கத்திரி நாத்துகூட வராது.”

“அண்ணாத்த, நான் கத்திரியா நடப்போறேன்? காலு காஞ்சிருந்தா போதும் எனுக்கு. நீ எழுந்து போ, வியாபாரத்த கெடுக்காத.”

மறுபடியும் அவர் “அப்புறம் என்னை ஏசக்கூடாது” என்று ஆரம்பிக்க, மூச்சிரைக்க வந்து சேர்ந்த கிளியம்மாள் அவர் துண்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். மார்க்கெட்டே வேடிக்கை பார்த்தது. “உனுக்கு விக்கத் தெரியல, வித்தப்புறம் சும்மா இருக்கவும் தெரியலியே!” என்று வீடு வரைக்கும் திட்டிக்கொண்டே வந்தாள்.

கார்த்திகை முடிவதற்குள் பத்திரம் பதிவானது. தனக்கோடி சொன்ன சொல் தவறாமல் காத்திருந்தார். தை முதல் முகூர்த்தத்தில் அவர் வீடு இவர்களுக்கு வந்தது. நடுவில் மார்கழி மாதம் மட்டும் ஜெயக்கொடி சம்பளமில்லாத லீவு போட்டுச் சமாளித்தாள். வேலையை விடவில்லை.

இது நடந்து ஏழு வருஷம் ஆகிறது. ஜெயக்கொடி இப்போது அதே எக்ஸ்சேஞ்சில் சூப்பர்வைசர். குழந்தை இரண்டாம் வகுப்புப் படிக்கிறது. அதைப் பள்ளிக்கூடத்தில் விடுவதும் கூட்டிவருவதும் துளசிங்கத்தின் வேலை. கிளியம்மாளுக்கு மூட்டுவலி வந்து, படியேற முடிவதில்லை. சமைப்பது மட்டும் இன்னும் இரண்டு வீட்டுக்கும் அவள்தான். சேலையூர் ஏரிக்கரை வீட்டில் அங்காளம்மா இருக்கிறாள். பாலகுரு கல்யாணமாகிப் பெருங்களத்தூரில் இருக்கிறான். துளசிங்கமும் கிளியம்மாளும் கூடுவாஞ்சேரியில், மகள் வீட்டுக்கு அடுத்த வீட்டில் இருக்கிறார்கள்.